நாலு மஞ்சள் கார்டோட சுத்துற பிளேயர்

ஃபுட்பால் மேட்ச் பாக்குறவங்களுக்கு மஞ்சள் கார்டு, அதாவது தப்பு பண்ற பிளேயருக்குக் காட்டுற எச்சரிக்கை, ரெண்டு செகண்ட் சமாச்சாரம், ரெஃப்ரி பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டுவாரு, கூட்டம் கத்தும், ஆட்டம் அது பாட்டுக்குப் போகும். எனக்கு வேலையே அங்கதான் ஆரம்பிக்கும். ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் கிளப்ல பிளேயர் ரெஜிஸ்ட்ரேஷனும் கார்டு கணக்கும் பாக்குறவன் நான். யார் எந்தப் போட்டியில எத்தனை கார்டு வாங்கியிருக்கான், அடுத்த மேட்ச்ல யாரை இறக்கக் கூடாது, இதைக் கோச் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். சரியா சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அப்படிப்பட்ட வேலை.

கூட்டல் கணக்குதானேன்னு தோணும், ஆனா ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு சட்டம். இங்கிலாந்தோட பிரீமியர் லீக்ல டீமோட முதல் 19 மேட்சுக்குள்ள அஞ்சு மஞ்சள் வாங்கினா ஒரு மேட்ச் வெளிய உக்காரணும், 32 மேட்சுக்குள்ள பத்துன்னா ரெண்டு மேட்ச். ஐரோப்பிய கிளப்புகள் மோதுற சாம்பியன்ஸ் லீக்ல மூணாவது மஞ்சளுக்கே தடை. உலகக் கோப்பையில வேற வேற மேட்ச்ல ரெண்டு வாங்கினாலே போச்சு, 2002ல ஜெர்மனியோட பல்லாக் அப்படித்தான் மாட்டினாரு, அரையிறுதியில தென் கொரியாவுக்கு எதிரா மஞ்சள் வாங்கிட்டு, கொஞ்ச நேரத்துல அதே மேட்ச்ல ஜெயிக்குற கோலையும் அடிச்சு டீமை ஃபைனலுக்கு அனுப்பிட்டு, ஃபைனல் அன்னைக்கு வெளிய இருந்து வேடிக்கை பாத்தாரு. இப்போ காலிறுதி முடிஞ்சதும் ஒத்தை மஞ்சளை அழிச்சிடுறாங்க, நல்ல மாத்தம்.

எங்க தொழில்ல இருக்குறவங்களுக்கு வயித்தைக் கலக்குற கதை 2014ல நடந்தது. போலந்துக்காரங்க லெகியா வார்சா, சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுத்துல ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்கை முதல் மேட்ச்ல 4-1, ரெண்டாவதுல 2-0ன்னு அடிச்சுத் துவைச்சிட்டாங்க. ரெண்டாவது மேட்ச் முடிய கொஞ்ச நிமிஷம் இருக்கும்போது பெரெஷின்ஸ்கின்னு ஒரு டிஃபெண்டரை இறக்குனாங்க. போன சீசன் ரெட் கார்டுக்கு அவருக்கு மூணு மேட்ச் தடை, மூணு மேட்ச் வெளியவும் உக்காந்தாச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டாங்க. ஆனா அதுல முதல் ரெண்டு மேட்சுக்கு அவர் பேரை கிளப் பிளேயர் லிஸ்ட்ல சேர்க்கவே இல்ல, லிஸ்ட்லயே இல்லாத ஆள் தடையைக் கழிச்சதா கணக்குல வராது. ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஇஎஃப்ஏ அந்த மேட்சை செல்டிக்குக்கு 3-0ன்னு எழுதிக் கொடுத்துடுச்சு, மொத்தம் 4-4 ஆகி, எதிராளி ஊர்ல யார் அதிக கோல் அடிச்சாங்கன்னு பாக்குற வெளியூர் கோல் கணக்குல செல்டிக் மேல போயிடுச்சு. கிரவுண்டுல 6-1ன்னு ஜெயிச்ச டீம் ஒரு லிஸ்ட்டால வெளிய.

அடுத்த வருஷமே ரியல் மாட்ரிட்டும் மாட்டுச்சு. ஸ்பெயினோட கோப்பைப் போட்டியான கோப்பா டெல் ரேல காடிஸ் டீமுக்கு எதிரா செரிஷேவை இறக்குனாங்க, அவர் கோலும் அடிச்சாரு, ஆனா முந்தின சீசன்ல வில்லாரியலுக்கு லோன்ல ஆடினப்போ அதே கோப்பையில வாங்கின மஞ்சள் கார்டுகளுக்கான தடை பாக்கி இருந்துச்சு. கிளப் மாறினாலும் தடை ஆளோட கூடவே வரும். மாட்ரிட்டை கோப்பையில இருந்தே தூக்கிட்டாங்க, உலகத்துலயே பணக்கார கிளப்புல ஒண்ணு, அங்கயே இந்த நிலைமை. அதனால புதுசா ஒரு பிளேயர் கையெழுத்துப் போட வந்தா டாக்டர் முட்டியைப் பாப்பாரு, நான் பழைய கிளப்புக்கும் ஃபெடரேஷனுக்கும் தடை ஏதாவது பாக்கி இருக்கான்னு எழுதிக் கேட்டு, பதில் வர்ற வரைக்கும் அவன் பேரை டீம் ஷீட் பக்கமே விட மாட்டேன். கோச் கத்துவாரு, கத்திட்டுப் போகட்டும்.

கணக்கை விட மனுஷங்கதான் கஷ்டம். அஞ்சாவதுக்குத் தடைன்னா, நாலு மஞ்சளோட சுத்துற பிளேயரைக் கவனிச்சுப் பாருங்க, வேற ஆளா இருப்பான். எங்க மிட்ஃபீல்டர் ஒருத்தன், வழக்கமா காலை நீட்டிப் பந்தைப் பறிக்கிறவன், நாலாவது வாங்கினதுல இருந்து ரெண்டு அடி தள்ளியே நின்னான், எதிராளி சுலபமா திரும்பிப் போறான். இடைவேளையில டனல்ல என்னைப் பாத்து நாலு விரலைக் காட்டி தலையை ஆட்டுவான், கணக்கு இன்னும் நாலுதானே சார்னு அர்த்தம். இவ்ளோ ஜாக்கிரதையா இருந்தவன் கடைசியில அஞ்சாவது கார்டை எதுக்கு வாங்கினான்னா, த்ரோ-இன் எங்களுக்குன்னு லைன்ஸ்மேன் கிட்ட கையை வீசிக் கத்தினதுக்கு. டேக்கிளுக்கு வாங்குற கார்டு மேல எனக்குக் கோவமே வராது, அது தொழில்ல இருக்குறதுதான், கோலைத் தடுக்க வாங்கினான்னா கோச்சே தட்டிக் கொடுப்பாரு. வாயால வாங்குறது, சட்டையைக் கழட்டி வாங்குறது, விசில் அடிச்ச அப்புறம் பந்தைத் தட்டி விட்டு வாங்குறது, இதெல்லாம் தான் எரிச்சல். 2024 ஆகஸ்ட்ல ஆர்சனல்ல டெக்லன் ரைஸ் பிரைட்டனுக்கு எதிரா பந்தை லேசா தட்டி விட்டு அதே மேட்ச்ல ரெண்டாவது மஞ்சள் வாங்கி, அது ரெட் கார்டாகி வெளிய போனாரே, அநியாயம்னு பாதிப் பேர் கத்தினாங்க, நான் ரெஃப்ரி பக்கம்தான், பந்தைத் தொடாம நடந்து போயிருந்தா பேச்சே இல்ல.

வேணும்னே கார்டு வாங்குறதும் உண்டு. முக்கியமான மேட்சுக்கு முன்னாடி சின்ன மேட்ச்ல தடையைக் கழிச்சிடலாம்னு பிளேயர் வந்து கிசுகிசுன்னு கேப்பான். 2019ல ரியல் மாட்ரிட் கேப்டன் ராமோஸ் சாம்பியன்ஸ் லீக்ல அஜாக்ஸுக்கு எதிரா அப்படி வாங்கிட்டு, மேட்ச் முடிஞ்சதும் அதை மறைக்காம பேசவும் செஞ்சாரு, யூஇஎஃப்ஏ ஒரு மேட்ச் தடையை ரெண்டாக்கிடுச்சு, அவர் இல்லாத அடுத்த மேட்ச்ல மாட்ரிட் சொந்த கிரவுண்டுலயே 4-1ன்னு வாங்கிக் கட்டிக்கிச்சு. என் கிட்ட கேக்குறவனுக்கு இதைத்தான் சொல்றது, எத்தனை கார்டுன்னு மட்டும் சொல்வேன், எப்போ வாங்கணும்னு என்கிட்ட கேக்காதப்பா.

2024 யூரோவுல, அதான் ஐரோப்பிய நாடுகளோட கோப்பை, கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரி கிட்ட போய்ப் பேசணும், மத்தவன் போய்ச் சூழ்ந்தா மஞ்சள்னு கொண்டு வந்தாங்கல்ல, எங்க போட்டியிலயும் அது வந்ததுல இருந்து என் ஷீட்ல வாய்க்கு விழுற கார்டு குறைஞ்ச மாதிரிதான் தெரியுது. எங்க கேப்டன் தான் பாவம், பத்து பேர் புலம்பலையும் ஒத்தை ஆளா சுமந்துக்கிட்டுப் போய் சொல்லிட்டு, எல்லாருக்கும் சேர்த்து திட்டு வாங்கிட்டு வர்றாரு.