மெயில்புட்டி எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நூலகராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒருவர் என் மேசைக்கு வந்து, "எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் எட்டு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். அங்கே போட்டித் தேர்வுப் புத்தகம் கேட்பார்கள், பழைய நாளிதழ் கேட்பார்கள், ஃபேன் போடச் சொல்வார்கள். ஊரைக் கேட்டு யாரும் வந்ததில்லை. பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். அன்று தொடங்கிய தேடல்தான், இன்றைக்கு என் வேலையில் பாதி அதுதான்.

எங்கள் நூலகம் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில், டர்பனின் மற்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்தியர்களை வீட்டைவிட்டுக் கிளப்பி, 1960-களில் கொண்டுவந்து குடிவைத்த இடம் இது. கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் நாயுடூ, கவெண்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி, மூன்சாமி என்று வரும். மூட்லி நம் முதலியார், மூன்சாமி நம் முனுசாமி. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், எழுதினதே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. வீட்டில் பேச்சு முழுக்க ஆங்கிலம். தமிழ் சமையலறையிலும் கோயிலிலும் உறவுமுறைச் சொற்களிலும் இருக்கிறது. தாத்தா, ஆயா, அண்ணா, அக்கா. ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், புரட்டாசியில் வீட்டில் கறி மீன் கிடையாது. விரத விஷயத்தில் இவர்களிடம் இருக்கிற கண்டிப்பு என் சொந்த ஊரில்கூட இல்லை.

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டார்கள். இங்கே அதை இன்னும் 'கொலோனியல் நம்பர்' என்றுதான் சொல்கிறார்கள். பதிவேட்டில் நம்பருக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை கட்டம் கட்டமாக இருக்கும். ஆளைச் சரக்கு போல எண்ணிக் கணக்கு வைத்த பதிவேடு. அதே பதிவேட்டை வைத்துத்தான் அவர்களின் பேரன் பேத்திகளை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இணையத்தில் போட்டிருக்கிறது. காசு கிடையாது. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'நெயர்ஸ்' என்றொரு தேடல் தளம் இருக்கிறது. அதில் ஆவணம் வராது, எந்தக் காப்பகத்தில் எந்தக் கட்டில் எந்த எண்ணில் இருக்கிறது என்கிற விலாசம் மட்டும் வரும். இது தெரியாமல் "ஒன்றும் திறக்கவில்லை" என்று பாதியில் விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். வருகிற விலாசத்தில் 'ஐ ஐ' என்று இருந்தால் அது இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்பு. கூலி கொடுக்கவில்லை, அடித்தார்கள், ஊருக்குப் போக அனுமதி வேண்டும் என்று நம் ஆட்கள் சொன்ன முறையீடுகள் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. 'ஃபேமிலிசர்ச்' தளத்தில், டர்பன் இருக்கிற நட்டால் பகுதியில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 1903-இல் டர்பனில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் பழைய இதழ்களைக் காந்தி பாரம்பரியத் தளத்தில் பார்க்கலாம்.

இதையெல்லாம் திரட்ட எனக்கு ஒரு வருடம் ஆனது. திரட்டியதும் செய்த முதல் காரியம் தப்பான காரியம். முப்பது தளங்களின் முகவரியை அழகாக அச்சடித்து, நூலக வாசலிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். மூன்று மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று கேட்க வந்தவர்.

எனக்கு அப்போது மன்னார்குடி ஞாபகம் வந்தது. நான் அந்தப் பக்கத்துக்காரி. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். நூலகவியல் படித்த யாருக்கும், இந்திய நூலகவியலின் முன்னோடியான சீர்காழி ரங்கநாதன் பெயரோடு சேர்ந்தே அந்த வண்டியும் மனதில் நிற்கும். எங்கள் பேராசிரியர் அதைச் சொல்லும்போது, வண்டிக்காரர்தான் அந்த நூலகத்தின் முக்கியமான ஆள் என்பார். எந்தத் தெருவில் யாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், யாருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத்தானே தெரியும்.

சரி, வண்டியைக் கட்டுவோம் என்று முடிவு செய்தேன். நூலகத்தின் பழைய மடிக்கணினி ஒன்று, ஒரு சின்ன பிரிண்டர், மடக்கு மேசை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒன்று கோயில் மண்டபம், இன்னொன்று முதியோர் கூடுகிற சமூகக் கூடம். இங்கே டேட்டா விலை அதிகம், ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களை "வீட்டில் போய்த் தேடிப் பாருங்கள்" என்று சொல்ல முடியாது. அதற்கு மேல் லோட் ஷெடிங். 2023-இல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும், கூடவே சிக்னலும் படுத்துவிடும். அதனால் கப்பல் பட்டியல் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டேன். ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டது. கரண்ட் இல்லாத மண்டபத்தில், மடிக்கணினி பேட்டரியில், குத்துவிளக்கு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூற்று முப்பது வருடம் முந்தைய பெயர்களைத் தேடியிருக்கிறோம்.

அப்படி ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைதான் அந்த ஆன்ட்டி வந்தார். இங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான். எழுபதைத் தாண்டியிருக்கும். பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு துணிப்பை, துணிப்பைக்குள் நாலாக மடித்த ஜெராக்ஸ். அவருடைய ஆயாவின் திருமணப் பதிவு. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது, ஆனால் மூலையில் கொலோனியல் நம்பர் தெளிவாக இருந்தது. நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டில் பழைய பெட்டி இருக்கிறதா, அதில் பிறப்பு, திருமணம், ஒப்பந்தம் முடிந்த சான்று என்று ஏதாவது காகிதம் இருக்கிறதா? இணையத்தில் தேடுவது அதற்கு அப்புறம்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முனியம்மாவைத் தேடினால் நூற்றுக்கணக்கில் முனியம்மாக்கள் வருவார்கள்.

நம்பரைப் போட்டதும் வந்துவிட்டது. ஆயாவுக்குக் கப்பலேறும்போது வயது பத்தொன்பது. ஜில்லா, நார்த் ஆற்காட். தாலுகாவை ஆன்ட்டி திரையைத் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டினார்: "கூடி... ஆட்டம்." கிராமம்: "மெயில்... புட்டி." பிறகு என்னைப் பார்த்தார். "இது எங்கே இருக்கிறது? மேப்பில் என் பேத்தி தேடிப் பார்த்தாள், அப்படி ஒரு இடமே உலகத்தில் இல்லை."

நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னதையே வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். கூடியாட்டம், குடியாட்டம், குடியாத்தம். தாலுகா பிடிபட்டது. மெயில்புட்டிக்கு நேரமாகவில்லை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் பக்கம் ரயிலில் போனால் வளத்தூர், அடுத்து மேல்பட்டி. மேல்பட்டி! நானே அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மேப்பில் ஊரை எடுத்து, ரயில் நிலையத்தின் படம் ஒன்றைத் திறந்தேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வராது. பலகையில் இருந்த தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "மே, ல், ப, ட், டி" என்றேன். அவர் பின்னாலேயே சொன்னார். நாலாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான்.

இதே ஊர்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. மேல்பட்டி என்று தமிழ்நாட்டில் இன்னும் ஊர்கள் இருக்கும். ஜில்லாவும் தாலுகாவும் பொருந்துவதால் இதுவாக இருக்க நியாயம் அதிகம், இவ்வளவுதான் என்று எழுதியே கொடுத்தேன். இப்படி அளந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெரியவருக்கு அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். நம்பர் இல்லை, பெயரும் கப்பலும் மட்டும் குடும்பத்தில் செவிவழியாக வந்திருந்தன. அந்தக் கப்பலில் ஒரு முனுசாமி இருந்தார், வயதும் பொருந்தியது. நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவர் குடும்பமே கூடிய ஒரு திதி நாளில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சாமி கும்பிட்டார்கள். சில மாதம் கழித்து, வேறு ஒருவருக்காகச் சொத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் குடும்பத்தின் கோப்பு கண்ணில் பட்டது. அதில் இருந்த நம்பர் வேறு. அதே கப்பலில் இன்னொரு முனுசாமி, பட்டியலில் நாலு பக்கம் தள்ளி. தகப்பன் பெயர் வேறு, ஜில்லாவே வேறு.

அன்று இரவு தூக்கமில்லை. ஃபோனில் சொல்ல மனம் வராமல் மறுநாள் வீட்டுக்கே போனேன். பெரியவர் கோப்பின் பிரதியை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "அப்போ நாங்க கும்பிட்டது யாரோ ஒருத்தரோட தாத்தாவை" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்து, "அவரும் அதே கப்பல்ல வந்தவர்தானே, கும்பிட்டா தப்பில்லை" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அதிலிருந்து ஒரு வழக்கம். நம்பர், தகப்பன் பெயர், முதலாளி பெயர், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் யாருக்கும் எதையும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் வம்சாவளி போட்டுக்கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்விட்டு வருகிறவர்களின் காகிதத்தை நான் முதலிலிருந்து சரிபார்க்கிறேன்.

பிள்ளைகளும் வருகிறார்கள். இங்கே தமிழ் அமைப்புகள் வருடா வருடம் 'ஐஸ்டெட்ஃபோட்' என்று போட்டி நடத்துகின்றன, பாட்டு, பேச்சு, ஒப்புவித்தல். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வார்கள், ழகரமும் லகரமும் ஒன்றாகப் போய்விடும். பன்னிரு திருமுறையையும் பல எழுத்து வடிவங்களிலும் ஓதுவார் குரலிலும் தருகிற தேவாரம் தளத்தைக் காட்டிய பிறகு, பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை இரண்டு மூன்று பேர் தொடர்ந்து படிக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998-இலிருந்து இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிற தமிழ் நூல்களுக்கு இங்கே வாசகர் இன்னும் வரவில்லை. வருவார்கள் என்று நம்புகிறேன்.

மேல்பட்டி ஆன்ட்டி அந்தப் பலகைப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னார். சாமி அறையில், ஆயா படத்துக்குக் கீழே ஒட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி மண்டபத்துக்கு வந்தார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு. இவரிடமும் ஒரு பிளாஸ்டிக் கவர். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் மேல்பட்டி ஆன்ட்டியே காகிதத்தைப் பிரித்து, தாலுகா கட்டத்தில் விரலை வைத்து, நான் செய்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ட்ரிவெல்லோர்... திரிவெல்லோர்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா?"

"திருவள்ளூராகவும் இருக்கலாம், திருவாரூராகவும் இருக்கலாம் ஆன்ட்டி" என்றேன். "பக்கத்துக் கட்டத்தில் ஜில்லா என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்."