முடித் தடயம்: முதலில் வேரைப் பாருங்கள்

சம்பவ இடத்தில் முடி கிடைத்தாலே ஆளைப் பிடித்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அது தானாக உதிர்ந்ததா, பிடுங்கப்பட்டதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓய்வு நிலையில் உதிரும் முடியின் வேர் காய்ந்து உருண்டிருக்கும். செல் கருக்கள் அநேகமாக இருக்காது. வளரும் முடியை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு திசுவும் ஒட்டி வரும்.

அதனால் முதல் வேலை நுண்ணோக்கி. புகைப்படம், குறிப்பு எல்லாம் இப்போதே முடித்துவிட வேண்டும். பிறகு டிஎன்ஏ எடுக்கக் கரைத்த முடி திரும்பி வராது. வேருக்கு டாபி சாயம் போட்டு புற ஊதா ஒளியில் பார்த்தால் கருக்கள் நீலமாக ஒளிரும். நிறைய இருந்தால் அந்த நுனியை வெட்டி, கரு டிஎன்ஏவால் ஆளை அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் தண்டில் மிஞ்சும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான் (செல்லில் கருவுக்கு வெளியே இருப்பது, தாய்வழியே வருவது) வழி.

அதற்குச் சுமார் 2 செ.மீ. தண்டு போதும். சோப்புக் கரைசலில் மீயொலியால் கழுவி, எத்தனாலிலும் தூய நீரிலும் அலச வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதால், தொட்டவரின் துளி அழுக்குகூட முடிவில் தெரிந்துவிடும். பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே, டிடிடி என்ற வேதிப்பொருள் இரண்டும் சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் கரைப்பது. டிடிடியை விட்டுவிட்டால் முடியின் புரதமான கெரட்டினின் கந்தகப் பிணைப்புகள் உடையாது, முடி அப்படியே கிடக்கும். கருமுடியில் இன்னொரு தொல்லை: கூடவே வரும் மெலனின் நிறமி, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரை முடக்கும். பிஎஸ்ஏ புரதம் சேர்ப்பதோ சாற்றை நீர்க்கச் செய்வதோ உதவும். முடி போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். அதில் டிஎன்ஏ தெரிந்தால் முடிவை நம்பக் கூடாது.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 16,569 காரங்களில் (டிஎன்ஏ வரிசையின் எழுத்துகள்) வழக்கமாக ஒப்பிடுவது, ஆளுக்கு ஆள் அதிகம் மாறும் எச்வி1, எச்வி2 பகுதிகளை. 2 இடங்களில் வேறுபட்டால் அந்த ஆளை விலக்கலாம். 1 இடம் மட்டும் என்றால் முடிவு சொல்ல இயலாது, ஏனெனில் ஒரே தலையின் இரு முடிகளுக்குள்ளேயே அப்படி வரும். முழுதும் ஒத்துப்போனாலும் ஆள் அவர்தான் என்று ஆகாது. தாய், உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், சித்தி (தாயின் தங்கை) பிள்ளைகள் எல்லோருக்கும் அதே வரிசைதான். (தாய்மாமன் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மாவுடையது.) "விலக்க முடியவில்லை" என்பதற்கு மேல் அறிக்கையில் ஒரு சொல்லும் போகக் கூடாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வாஷிங்டனில் 1978இல் நடந்த கொலையில், நுண்ணோக்கி ஒப்பீட்டை நம்பி ஒருவரைத் தண்டித்தார்கள். 2012இல் மைட்டோகாண்ட்ரியா சோதனை செய்தபோது 13 முடிகளில் ஒன்றும் அவருடையதல்ல. ஒன்று நாயின் முடி. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நிபுணர்கள் நுண்ணோக்கி ஒப்பீட்டை வைத்துச் சொன்ன முடிச் சாட்சியம் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 விசாரணைகளை மறுஆய்வு செய்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள்: 257இல் பிழையான கூற்றுகள்.