அம்மாச்சியின் முடவன் முழுக்கு

கார்த்திகை ஒன்றாம் தேதி, விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நானும் அம்மாவும் மயிலாடுதுறை துலாக்கட்டத்துப் படியில் நின்றிருந்தோம். முந்தின நாள் கடைமுகத் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தின் மிச்சம் படியெல்லாம் கிடந்தது. நசுங்கிய சாமந்தி, வாழையிலைக் கிழிசல், ஒற்றைச் செருப்பு, யாரோ விட்டுப்போன ஈரத்துண்டு. ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில் நந்தி மண்டபம் இருட்டோடு இருட்டாகத் தெரிந்தது.

"கடைமுகத்த விட்டுட்டு மறுநாள் வர்றீங்களே" என்று ஆட்டோக்காரர் வழியிலேயே கேட்டார்.

"எங்க வீட்ல எப்பவுமே மறுநாள்தான் தம்பி" என்றாள் அம்மா.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். ஊரெல்லாம் கங்கையில் பாவத்தைக் கரைத்துவிட்டுப் போகிறது, கங்கை அதை எங்கே கொண்டுபோய்க் கரைப்பாள்? ஐப்பசியில் மாயூரத்துக்கு வந்து காவிரியில் முழுகுவாள் என்பது ஐதீகம். மாதம் முழுக்க முழுகலாம். முடியாதவர்கள் கடைசி நாளான கடைமுகத்திலாவது முழுக வேண்டும். அதற்கும் வர முடியாமல், கால் முடியாத ஒருவர் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது ஐப்பசியே முடிந்துவிட்டதாம். அவர் அழுததைப் பார்த்து மயூரநாதர், கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் அதே பலன் என்று வரம் கொடுத்தார். அதுதான் முடவன் முழுக்கு.

என் அம்மாச்சி வாழ்நாள் முழுக்க இந்த நாளில்தான் வந்தாள். கால் நன்றாக இருந்த காலத்திலும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஐப்பசி மாதம்தான். குத்தாலத்துப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ஐப்பசியில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. குறுவை அறுத்த கையோடு அதே வயலில் தாளடி நடவு. களத்தில் கிடக்கும் நெல்லுக்கு மேலே மழை மேகம். நடவாட்களுக்குக் கஞ்சி, மாட்டுக்குத் தவிடு, நடுவில் தீபாவளி. கடைமுகத்தன்று தாத்தாவும் மாமாக்களும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விடியுமுன் எழுந்து அவர்களுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக் கொடுப்பது அம்மாச்சி. வீட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அதுவும் அவள்தான். புண்ணியத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டியவளுக்கு அதில் எத்தனை பங்கு என்று எனக்கு ரொம்ப நாள் ஒரு கோபம் உண்டு. அவளிடம் கேட்டால், "எனக்குன்னுதான் சாமி ஒரு நாள் தள்ளிப் போட்டு வச்சிருக்கே" என்பாள்.

அவள் பிறந்தது திருவாரூருக்குக் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில். 1952-ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை வைத்துத்தான் அவள் எல்லாக் கணக்கையும் சொல்வாள். அந்தப் புயலுக்கு அடுத்து வந்த தையில் கல்யாணம். சாய்ந்த தென்னைகளின் மட்டையைப் பின்னித்தான் பந்தல் போட்டார்களாம். "கீத்துக்குக் காசே குடுக்கல" என்று அறுபது வருஷம் கழித்தும் பெருமையாகச் சொல்வாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு.

பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஆனால் நெல்லை ஒன்று எடுத்துக் கடித்து, "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று சொன்னால் தாத்தா மறுபேச்சுப் பேச மாட்டார். விதைநெல்லை வைக்கோல் பிரியில் கோட்டை கட்டும்போது பக்கத்தில் நின்று சரி பார்ப்பது அவள். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது ஊரே விளைச்சலைப் பார்த்து வாயைப் பிளந்தது. அம்மாச்சிக்கு மட்டும் அந்தச் சோறு பிடிக்கவில்லை. "பத்தாயம் ரொம்புது, வாய் ரொம்பல" என்றாளாம். ஆனாலும் அந்தப் பத்தாயம் நிரம்பியதில்தான் என் அம்மாவும் பெரியம்மாவும் படித்தார்கள் என்பதையும் அவளே சொல்வாள்.

சரி, முழுக்குக்கு வருகிறேன்.

அம்மாச்சியின் முழுக்கு மூன்றோடு முடியாது. ஒவ்வொரு முழுக்கும் ஒரு ஆளுக்கு. "இது பெரியவனுக்கு. இது பம்பாயில இருக்குறவளுக்கு. இது மேலத்தெரு அத்தைக்கு, பாவம் நடக்க முடியல." இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை, கன்று போட்டிருந்த பசுவுக்கும் ஒரு முழுக்குப் போட்டாள். கரையில் துண்டோடு குளிரில் நிற்கும் எனக்கு எரிச்சலாக வரும். முடிந்ததும் பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, ஈரச் சேலையைப் பிழிந்து மாற்றிக்கொண்டு, கோயிலைப் பார்த்து விடுவிடுவென்று நடப்பாள்.

மயூரநாதர் கோயில் கதையும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்சன் யாகத்துக்குப் போன குற்றத்தால் அம்பாள் மயிலாகி இங்கே வந்து பூசித்தாள், சுவாமியும் மயிலாகவே வந்து ஆடினார். அம்பாள் பெயர் அபயாம்பிகை, தமிழில் அஞ்சல் நாயகி. சின்ன வயதில் அஞ்சல் நிலையத்துக்கான சாமி என்றே நினைத்திருந்தேன். அம்மாச்சி மாமாவின் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்கள் அவை, அதனால் அது எனக்குப் பொருத்தமாகவும் பட்டது. அஞ்சாதே என்று சொல்கிறவள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆனால் அம்மாச்சி அதிக நேரம் நின்றது அம்பாள் முன்னால்கூட இல்லை. அம்மன் சன்னதியை ஒட்டி ஒரு லிங்கம் உண்டு, அதற்குச் சேலை சாத்தியிருப்பார்கள். லிங்கத்துக்குச் சேலையா என்று முதல் தடவை பார்ப்பவர்கள் திகைப்பார்கள். அது அனவித்யாம்பிகை. நாதசர்மா என்ற அடியாரும் அவர் மனைவி அனவித்யாம்பிகையும் துலா முழுக்குக்கு என்று புறப்பட்டு வந்தார்கள். வந்து சேர்வதற்குள் ஐப்பசிக் கடைசி நாள் முழுக்கு முடிந்துவிட்டது. அன்று இரவு சுவாமி கனவில் வந்து, மறுநாள் விடியுமுன் முழுகச் சொன்னார். பிறகு இருவருமே இங்கே லிங்கத்தில் ஐக்கியமானார்கள் என்பது தலபுராணம்.

"பாத்தியா, இந்தம்மாவும் லேட்டுதான்" என்பாள் அம்மாச்சி. "வீட்ல என்ன வேலையோ."

புராணத்தில் அப்படி இல்லை. இருந்தாலும் அந்தச் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு பெண்தான் தெரிகிறாள்.

2018-இல் கடைமுகம் நவம்பர் 16. அன்றைக்கு அதிகாலையில்தான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கம் சில மரமும் வாழையும் சாய்ந்ததோடு போயிற்று. தெற்கே வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளே தரையோடு படுத்துவிட்டன. கரண்டு இல்லாத வீட்டில் அம்மாச்சி திண்ணையில் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. மத்தியானம், "அந்தப் புள்ளைங்க பந்தலுக்குக் கீத்து நெறைய கெடைக்கும்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் முடவன் முழுக்கு. எண்பத்து நாலு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தது. வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். படியில் இறங்க முடியவில்லை. மேல்படியில் உட்காரவைத்து, ஆற்றிலிருந்து நான் குடம் குடமாகக் கொண்டுவந்து தலையில் ஊற்றினேன். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பெயர் சொன்னாள். ஊர் பேர் தெரியாத "தெக்கத்திக்காரங்களுக்கு" என்று இரண்டு குடம். முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்பது வருஷமா சும்மா வந்தேன். இன்னிக்குத்தான்டா எனக்குள்ள நாளுக்கு வந்துருக்கேன்" என்று காலைத் தட்டிக் காட்டினாள்.

அப்புறம் அவள் வரவில்லை. ஐந்து வருஷம் கட்டிலோடு இருந்தாள், ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

இந்தத் தடவை அம்மா தண்ணீரில் இறங்கியதும் எனக்குத் தெரியும், என்ன நடக்கப்போகிறது என்று. "இது பெரியண்ணனுக்கு" என்று ஆரம்பித்தாள். நானும் கூடவே முழுகினேன். பட்டியலில் பாதிப் பேர் இப்போது இல்லை, அவர்களையும் அம்மா விடவில்லை. அம்மாச்சி முறை வந்தபோது பெயர் சொல்லவில்லை, இரண்டு பேரும் ஒன்றாக முழுகி எழுந்தோம்.

கோயிலில் நெரிசல் இல்லை. சேலை சாத்திய லிங்கத்தின் முன் அம்மா சொந்த வீட்டுக்கு வந்தவள் போல நின்றாள். பிறகு திருஇந்தளூர் பரிமள ரங்கநாதரையும் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே பெருமாளின் தலைமாட்டில் காவிரி, கால்மாட்டில் கங்கை. இந்த ஒரு விஷயத்தில் அம்மாச்சிக்குக் கொஞ்சம் ஊர்த்திமிர் உண்டு. "கங்கை கால்மாட்டுலதான்" என்று ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் சொல்வாள். அம்மாவும் சொன்னாள்.

குத்தாலம் பஸ்ஸில் அம்மா செம்பை மடியில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் கையால் மூடியபடியே வந்தாள். வீட்டில் மாடு இல்லை, கொட்டகையில் மாமாவின் பைக் நிற்கிறது. அம்மா நேராகப் பத்தாயத்திடம் போனாள். அதில் இப்போது ரேஷன் அரிசி மூட்டையும் பழைய பாத்திரமும்தான். மூலைக்கு மூலை தெளித்தாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் யோசித்து நின்று, மிச்சத் தண்ணீரைப் பைக்கின் மேல் தெளித்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.