செசரியாவில் தள்ளிப்போட்டவன், கொல்கொதாவில் கேட்டவன்

பரிசுத்த பூமிப் பயணத்தில், கடலோரத்திலுள்ள பழைய ரோமப் பட்டணமான செசரியா பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். அரங்கம், குதிரைப் பந்தயத் திடல், 1961-ல் கிடைத்த பிலாத்துவின் கல்வெட்டினுடைய நகல் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, நீர்ப்பாலத்தடியில் படம் எடுத்ததும் பேருந்து கிளம்பிவிடுகிறது. கடலுக்குள் நீளும் அரண்மனை இடிபாட்டில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அப்போஸ்தலர் 24-ஐ அங்கே சத்தமாக வாசிக்க வேண்டும்.

இங்கே காவலில் இருந்த பவுல் இனிவரும் நியாயத்தீர்ப்பைப் பேசப் பேச, ரோம தேசாதிபதி பேலிக்ஸ் பயந்துபோனான். "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான். அடுத்த வசனத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். அவன் பவுலை மறுபடியும் அழைத்தான், பலமுறை அழைத்துப் பேசினான். ஆனால் அப்போது அவன் எதிர்பார்த்தது பணம். முதல்நாள் வந்த பயம் திரும்ப வந்ததாக வேதத்தில் இல்லை. இரண்டு வருஷம் போனது, பதவிக்குப் பெஸ்து வந்துவிட்டான்.

நம் குழுக்களிலும் இதே தாமதம் உண்டு. உள்ளத்தில் குத்தப்பட்டவர்கள்கூட, "யோர்தானில் இறங்கும்போது ஒப்புக்கொடுக்கலாம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். அங்கே போனால் வெள்ளை அங்கி வாங்க வரிசை, உடை மாற்ற வரிசை, அடுத்த குழுவின் பாட்டுச் சத்தம். அழுது ஜெபிக்க நேரமே கிடைக்காது. ஆகவே உணர்த்தப்பட்ட இடத்திலேயே, பேருந்து இருக்கையானாலும், பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். இயேசுவை ஆண்டவரென்று வாயினால் அறிக்கை பண்ணுங்கள். அன்றே உடன்வரும் போதகரிடம் சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான்.

எருசலேமில் கல்லறை ஆலயத்துக்கு அதிகாலையிலேயே போய்விடுவது நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. முற்றத்தில் வழிகாட்டுகிறோம் என்று தொடர்ந்து வருகிறவர்களுக்குப் பணம் தரத் தேவையில்லை. எல்லாரும் கல்லறை வரிசைக்கு ஓடுவார்கள், அது மணிக்கணக்கில் நகராது. நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான குறுகிய படிகள் இருக்கும். முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள். மேலே கிரேக்க பலிபீடத்தின் கீழ் குனிந்து, வெள்ளித் தகட்டின் துவாரத்தில் கைவிட்டால், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவின் பாறை விரலில் படும். பின்னாலிருந்து அவசரப்படுத்துவார்கள். அந்தச் சில விநாடிகளுக்குள் சொல்ல, இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் கேட்ட ஜெபம் போதும்: "ஆண்டவரே, அடியேனை நினைத்தருளும்."

கடைசி நேரத்தில் அந்தக் கள்ளனுக்கு இரட்சிப்பு கிடைத்ததே என்று தள்ளிப்போடுகிறவர்கள் மற்றக் கள்ளனையும் பார்க்க வேண்டும். அவனுக்கும் அதே கடைசி நேரம்தான் இருந்தது, அவனுக்கும் அருகில் அதே இயேசுதான். அவன் தூஷித்தான்.

கேட்டவனுக்கோ திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாளும் மிச்சமில்லை. ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, ஆணியடித்த கைகளால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. ஆனாலும் நாளைக்கு என்று சொல்லாமல் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றீரே ஆண்டவரே! உமக்கு ஸ்தோத்திரம், கோடி ஸ்தோத்திரம்!