மூன்று மைக்ரான் தங்கம், அரை மில்லிமீட்டர் கரி

ஜூன் 4

பழைய கருவிப் பெட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உளி, பஞ்ச் (சுத்தியலால் அடித்துப் புள்ளி குத்தும் கூர்முனைக் கருவி), ஸ்பேனர், குறடு, நாலைந்து அரம், தங்க நிறத்தில் மினுங்கும் ட்ரில் பிட் ஒரு கட்டு, கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலில் யாரோ கடைந்து வைத்த ஒரு ட்ரில் ஜிக் (பிட் சரியான இடத்தில் இறங்க வழிகாட்டும் துளைகள் உள்ள கட்டை). பாதி துரு. பெட்டியைக் கொடுத்த நண்பர் கேட்டது ஒன்றுதான்: "எல்லாத்துக்கும் ஏதாவது ஒரு கோட்டிங் அடிச்சுட்டா நின்னுடும்ல?"

நிற்காது. மேற்பரப்பைக் கடினமாக்குவது ஒரு வேலை, துரு வராமல் காப்பது வேறு வேலை, தேய்மானத்தையும் உரசலையும் குறைக்க மேலே படலம் ஏற்றுவது இன்னொன்று. ஒன்றைச் செய்தால் மற்றது கூடவே வந்துவிடாது. நன்றாகப் பதம் ஏறிய உளி ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். நாகம், அதாவது துத்தநாகம், பூசிய போல்ட் துருப்பிடிக்காமல் இருக்கும், ஆனால் அரத்தை வைத்தால் வெண்ணெய் போல இறங்கும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, இது எதனால் கெடுகிறது என்று முதலில் பார்க்கப் போகிறேன். மழுங்கிக் கெடுகிறதா, நசுங்கிக் கெடுகிறதா, துருவில் கெடுகிறதா.

ஜூன் 5

இன்று அரம் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும். நல்ல அரம், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 62-லிருந்து 65 வரை இருக்கும், ஆகவே அரம் கடித்தால் அந்த இடம் அதைவிட மென்மை, வழுக்கினால் கிட்டத்தட்ட அதே கடினம். கண்ணைவிடக் காது சீக்கிரம் சொல்லிவிடும். கடிக்கும்போது கரகரவென்று மந்தமான சத்தம், கையில் ஒரு பிடிப்பு. வழுக்கும்போது கீச்சென்று மேலேயே ஓடிவிடும், தடமே விழாது.

உளியின் வெட்டுமுனையில் வழுக்குகிறது, தலைப்பக்கம் கடிக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தலையும் கடினமாக இருந்தால் சுத்தியல் அடியில் சில்லு தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். மென்மையாக இருப்பதால் குடை மாதிரி விரிந்திருக்கிறது, அந்த ஓரத்தைச் சாணையில் எடுத்துவிட வேண்டும்.

பஞ்ச் மட்டும் முனையிலிருந்து தலைவரை எங்கும் கடிக்கிறது. சாணையில் லேசாகத் தொட்டுப் பார்த்தேன், நீளநீளமான பொறி, பூத்தெறிப்பு மிகக் குறைவு. கரி (கார்பன்) அதிகமுள்ள எஃகு என்றால் பொறி குட்டையாக, கிளைகிளையாக வெடிக்கும். ஆக இது சாதாரணக் கம்பி, பஞ்ச் வேடம் போட்டிருக்கிறது.

ஜூன் 7

நண்பர் போன் செய்து, பஞ்சைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்டார். கால் சதவீதத்துக்கும் குறைவாகக் கரி உள்ள எஃகில் தோய்ச்சல் சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. வெளியிலிருந்து கரியை உள்ளே ஏற்றினால்தான் உண்டு. அதைத்தான் கேஸ் ஹார்டனிங் என்கிறோம்.

ஆனால் இந்தப் பஞ்சுக்கு நான் அதைச் செய்யப் போவதில்லை. கூர்முனையில் முழு அடியும் விழுகிற கருவி இது. மேலே ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி மாதிரி கடினமாகி உள்ளே மெத்து மெத்தென்று இருந்தால், அடி விழும்போது உள்ளே இருப்பது நசுங்கும், மேல்தோல் விரிசல் விட்டு உதிரும். கரி எஃகில் புதிதாக ஒன்று செய்வதே ஒழுங்கு. கேஸ் ஹார்டனிங்குக்கு உரிய ஆள் அந்த ஜிக். ட்ரில் பிட் உரசி உரசித் துளை பெரிதாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பல்சக்கரம், பின், புஷ் எல்லாம் இதே இனம்: மேலே தேயக்கூடாது, உள்ளே அதிர்ச்சி தாங்க வேண்டும்.

ஜூன் 9

ஜிக்கை இரும்புப் பெட்டியில் மரக்கரித் தூளுக்குள் புதைத்தாயிற்று. மரை வெட்டிய துளைகளில் களிமண் அப்பிவிட்டேன், அங்கே கரி ஏறினால் மரை நொறுங்கும். ஆலைகளில் அந்த இடங்களுக்குச் செம்பு முலாம் போடுவார்கள், செம்பைத் தாண்டிக் கரி போகாது. தூளோடு பத்தில் ஒரு பங்கு சலவை சோடா. பேரியம் கார்பனேட் நன்றாக வேலை செய்யும்தான், ஆனால் அது விஷம், என் பட்டறைக்குள் விடுவதில்லை. மூடியைச் சுற்றிக் களிமண் பூச்சு.

கரித்துண்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கரி ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது வாயு. பெட்டிக்குள் மாட்டிய காற்று கரியோடு எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, அது இரும்பின் மேல் பட்டு ஒரு கரி அணுவை விட்டுவிட்டுக் கார்பன் டைஆக்சைடாகத் திரும்புகிறது, திரும்பியது கரித்தூளில் பட்டு மறுபடியும் மோனாக்சைடு. சோடா இந்தச் சுழற்சியை வேகப்படுத்துகிறது. மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்பதால் உலை இருக்கும் இடம் நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

சூடு 900-லிருந்து 925 டிகிரி. குறைந்த சூட்டில் இரும்பின் படிக அமைப்பு 0.02 சதவீதக் கரியைக்கூட முழுசாக ஏற்காது. சூடு ஏறி, ஆஸ்டினைட் என்ற வேறு படிக அமைப்புக்கு மாறினபிறகுதான் கதவைத் திறக்கிறது, அப்போது அதே இரும்பு ஒரு சதவீதத்துக்கும் மேல் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சும்மா செஞ்சூடு போதாது, ஆரஞ்சு வரை போக வேண்டும்.

ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பிடித்துப் போகிறது. 925 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதை இரண்டு மடங்காக்க இரண்டு மணி போதாது, நான்கு மணி வேண்டும். மூன்று மடங்குக்கு ஒன்பது. அந்தக் கணக்கும் பெட்டியின் நடுவரை சூடு ஏறின பிறகுதான் ஆரம்பம்.

12ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் அரம் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார்: மாட்டுக்கொம்பைச் சுட்டுப் பொடித்து உப்போடு கலந்து, பழுத்த அரத்தின்மேல் தூவித் தண்ணீரில் தோய்ப்பது. கொம்பில் கரியும் உண்டு, நைட்ரஜனும் உண்டு. இன்றைக்குக் கார்போநைட்ரைடிங் என்று உலை வைத்துச் செய்வதன் தாத்தா.

ஜூன் 10

பெட்டியிலிருந்து எடுத்து நேரே தோய்க்கவில்லை. நீண்ட நேரம் சூட்டில் கிடந்ததில் உள்ளே எஃகின் படிக மணிகள் பெருத்திருக்கும், ஆறவிட்டு மறுபடி 800 டிகிரிக்குக் கிட்ட ஏற்றித்தான் தோய்க்க வேண்டும். காந்தம் 770-லேயே பிடிப்பை விட்டுவிடும், அது கைகாட்டி மட்டும், அதற்கு மேலும் ஒரு சாயல் போக வேண்டும். தண்ணீரில் செங்குத்தாக இறக்கினேன், சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முதலில் சுருங்கிக் கோணிக்கொள்ளும். கறுப்புத் தோல் சட்டை மாதிரி கழன்று தண்ணீரில் மிதந்தது, கீழே புள்ளிபுள்ளியாகச் சாம்பல் நிறம். உடனே 180 டிகிரியில் வைத்துப் பதம் தணித்தாயிற்று, நொறுங்காமல் இருக்கக் கடினத்தைக் கொஞ்சம் இறக்குவதுதான் அது. அரம் வழுக்குகிறது. களிமண் அப்பிய இடத்தில் கடிக்கிறது.

ஜூன் 13

தங்க நிற பிட்டுகள்.

இதில் இரண்டு சாதி இருக்கிறது, பார்த்தால் தெரியாது. உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சு வெற்றிட அறைக்குள் 450 டிகிரி வாக்கில் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்துப் படியவைப்பது. தடிமன் இரண்டிலிருந்து ஐந்து மைக்ரான், தலைமுடி எழுபது மைக்ரான் சுமார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடினத்துக்கான இன்னொரு அளவான விக்கர்ஸில் 2,000-க்கும் மேல், கீழே இருக்கும் ஹைஸ்பீடு ஸ்டீல் (சூடு தாங்கும் வெட்டுக்கருவி எஃகு) 800, 900 தான். ஹைஸ்பீடு ஸ்டீலின் பதமே 550 டிகிரியை ஒட்டித் தணித்து வாங்கியது, ஆகவே 450-ல் அதற்கு ஒன்றும் ஆகாது. சாதாரணக் கரி எஃகு அந்தச் சூட்டைப் பார்த்தால் பதம் போய்க் கம்பியாகிவிடும். எனவே மட்டமான எஃகின் மேல் தங்க நிறம் இருந்தால் அந்த நிறத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

கட்டிலிருந்து இரண்டை எடுத்து ஒரே தகட்டில் ஓட்டினேன். ஒன்று சுருள் சுருளாக எடுத்துப் போட்டுக்கொண்டே இறங்கியது. மற்றதன் மூலை நீலம் பாய்ந்து உருண்டுவிட்டது, அந்த உருண்ட இடத்தைச் சுற்றிப் பொன் செதில் செதிலாக உரிந்து, லென்ஸில் பார்த்தால் காய்ந்த வண்டல் வெடித்த மாதிரி கோடுகள். பூச்சில் குறை இல்லை. தாங்க வேண்டியது கீழே இல்லை. பஞ்சுக்குச் சொன்ன அதே கதை, அங்கே ஒரு மில்லிமீட்டர், இங்கே மூன்று மைக்ரான்.

நல்ல பிட்டைச் சாணை பிடித்தால் முனையில் பொன் போய்விடுமே என்று சிலர் சாணையே பிடிப்பதில்லை. போகட்டும். பிட்டின் பள்ளமான காடிக்குள் இருப்பது அப்படியே இருக்கிறது, சுருள் அதன்மேல்தான் வழுக்கி வெளியேறுகிறது. மழுங்கிய தங்கத்தைவிடக் கூரான இரும்பு மேல்.

கருநீலம் கலந்த சாம்பல் நிறத்தில் வருவது டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. சூட்டில் அதிலுள்ள அலுமினியம் மேலே வந்து ஆக்சைடாகிக் கவசம் போட்டுக்கொள்ளும், எண்ணெய் ஊற்றாமல் வேகமாக எஃகு வெட்ட அதுதான் சரி. அலுமினியத்தை வெட்ட அதைக் கொண்டுபோகாதீர்கள், இனம் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும். வைரம்தான் எல்லாவற்றுக்கும் ராஜா என்பவர்களுக்கு: சூடான இரும்பில் வைரத்தின் கரி கரைந்து போகும், எஃகுக்கு அது ஆகாது.

ஜூன் 15

கரிக்குப் பதில் நைட்ரஜனை எஃகின் தோலில் ஏற்றும் நைட்ரைடிங் பற்றிச் சுருக்கமாக. 1920களில் ஜெர்மனியின் குருப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரை வளர்த்தெடுத்த முறை. 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் அம்மோனியா வாயுவில் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில். தோய்ச்சலே கிடையாது, அதனால் கோணல் கிட்டத்தட்ட இல்லை. கிடைக்கும் தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். எஃகில் குரோமியமோ அலுமினியமோ இருந்தால்தான் முழுப் பலன், இரண்டும் நைட்ரஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்பவை. வீட்டுப் பட்டறை வேலை இல்லை. சயனைடு உப்புத் தொட்டி முறையும் அப்படியே, அமிலத்தின் ஒரு துளி பட்டாலே உயிர்க்கொல்லி வாயு.

ஜூன் 20

ஸ்பேனர்கள். கடினம் சரியாக இருக்கிறது, துருதான் பிரச்சினை. இதற்கு எனக்குப் பிடித்த வைத்தியம் துருவையே காப்பாக மாற்றுவது. உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஈரக்காற்றில் ஒரே சீராக மெல்லிய செந்துரு படியவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி கொதிக்க விட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு கறை போடும். கொதி வந்த சில நிமிடங்களில் செங்கல் நிறம் பழுப்பாகி, ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டே வரும், எடுத்தால் வெல்வெட் துணி போல மங்கலான கறுப்பு. செந்துரு மேக்னடைட்டாக, அதாவது கறுப்பு இரும்பு ஆக்சைடாக, மாறிவிட்டது. மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்தால் ஒட்டாத கரி போய், ஒட்டியது நிற்கும். மறுபடி துரு, மறுபடி கொதி, கறுப்பு ஆழமாகும் வரை.

ஆனால் இந்தக் கறுப்பை மட்டும் நம்பினால் துரு திரும்ப வரும். அது எண்ணெயைப் பிடித்துவைக்கிற நுண்துளைப் படலம், காப்பது எண்ணெய். பாஸ்பேட் பூச்சும் அதே சங்கதி. ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஜூன் 22

குறடு நிக்கல்-குரோம் பூசியது, ஒரு தாடையில் கொப்பளித்து உரிகிறது. செதில் கத்தி மாதிரி கையைக் கிழிக்கும். நாகப் பூச்சில் கீறல் விழுந்தால் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கலும் குரோமும் அப்படி இல்லை, கீறல் வழியே இரும்புதான் முதலில் கரையும், பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். அதனால் உடைந்த குரோம் பூச்சு பூச்சே இல்லாததைவிட மோசம் என்பது என் கட்சி.

மின்பகுப்பில் துரு எடுக்க நினைத்தேன், இதை மட்டும் அதில் போட மாட்டேன். மறுமுனையில் ஸ்டெயின்லெஸ் தகடும் வைக்கக்கூடாது. குரோமியம் கரைந்து ஆறு இணைதிற வடிவத்துக்கு வந்தால் அது புற்றுநோய்க் காரணி. செதிலைக் கையால் சுரண்டி எடுத்து, மிச்சத்தை அப்படியே எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: கடினமான ஸ்பிரிங், உளி போன்றவற்றை அமிலத்தில் ஊறப்போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்குத்தன்மை வந்துவிடும். மின்முலாம் போடும் ஆலைகளில் அதற்காகவே 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சூட்டில் வைத்து எடுப்பார்கள்.

ஜூன் 29

காற்றில் ஈரம் ஏறிவிட்டது. கறுத்த ஸ்பேனர்கள் அப்படியே இருக்கின்றன. ஜிக்கின் தேய்த்த முகத்தில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளி, அத்தனை கடினம் ஏற்றிய அதே முகத்தில்தான். துடைத்து மெழுகு பூசியாயிற்று.

புதுப் பஞ்ச் கரி எஃகில் முடிந்தது. தோய்த்து, மெருகேற்றி, பின்பக்கம் சூடு கொடுத்து நிறம் ஓடவிட்டேன், முனையில் பழுப்பு எட்டியதும் தண்ணீரில். எந்தப் பூச்சும் போடவில்லை.

மிச்சம் அரங்கள். அவற்றுக்கும் பூச்சு கிடையாது, எண்ணெய்கூட வேண்டாம், எண்ணெய் பட்ட அரம் வழுக்கும். பல்லிடுக்கில் சிக்கிய உலோகத் துணுக்குகளைத் தட்டையான பித்தளைத் துண்டால் நெம்பி எடுத்து, சாக்பீஸ் தேய்த்து, ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். நண்பர் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.