அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

விண்ணப்பப் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது: 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்'. 18 வயது முடிந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. வார்டன் பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். என்னைப் போல எத்தனை பேர் அவர் எண்ணை எங்கெங்கே எழுதிவைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கோட்டுக்கு மேலே தன் பெயரையும் எண்ணையும் எழுதினார். எங்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். எல்லோருக்கும் அக்கா.

வேகமாக ஓடும் ஆற்றில் காற்றடைத்த படகில் ஆட்களைக் கூட்டிப்போகும் ராஃப்டிங் வழிகாட்டிப் பயிற்சி, ஆறு மாதம், கட்டணம் இல்லை. இல்லங்களில் வளர்ந்தவர்கள், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், அன்றாடக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று 14 பேர். நான் சேர்ந்ததற்குக் காரணம் ஆறு இல்லை. தங்க இடம் கொடுத்தார்கள். சாகசம் என்ற சொல்லைக் கேட்டாலே அப்போது எனக்கு எரிச்சல் வரும். அடுத்த மாதம் எங்கே படுப்பது என்று தெரியாதவனுக்குத் தனியாக ஒரு சாகசம் எதற்கு?

எனக்கு நீச்சல் தெரியாது. 14 பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. அதனால் முதல் ஐந்து வாரம் குளத்திலேயே போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான். ஆற்றுக்குப் போன பிறகுதான், குளத்தில் கற்றது பாதிக்கு மேல் இங்கே உதவாது என்று புரிந்தது. ஓடும் தண்ணீரில் விழுந்தால் உடனே நீந்தப் பார்க்கக் கூடாது. மல்லாந்து, கால் நீரோட்டம் போகும் திசையில், மூக்கும் கால்விரலும் மேலே. எழுந்து நிற்கவே கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் நின்றால் கால் பாறை இடுக்கில் சிக்கும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கரும்பலகையில் இதைப் போட்டபோது நான் கொட்டாவி விட்டேன். மறுநாள் இடுப்பளவுத் தண்ணீரில், அக்கா கயிற்றில் பிடித்திருக்க, அரை நிமிடம் நின்று பார்த்தேன். அப்புறம் கொட்டாவி வரவில்லை.

ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுப்பு பிரிக்கிறார்கள். 1 என்றால் அசையும் தண்ணீர், 6 என்றால் கிட்டத்தட்ட யாரும் போகக் கூடாதது. நாங்கள் இரண்டில் தொடங்கி மூன்றுக்கு வந்தோம். மூன்றாம் வகுப்பில்தான் படகு பாறையில் குறுக்காக மோதும். மோதும்போது உடம்பு தானாகப் பாறையை விட்டு விலகிச் சாயும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சாய்ந்தால், மேலிருந்து வரும் தண்ணீர் படகின் அந்த விளிம்புக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும், அல்லது படகைப் பாறையோடு சேர்த்து ஒட்டிவிடும். 'ஹை சைட்' என்று கத்தியதும் எல்லோரும் பாறையின் பக்கம் பாய வேண்டும். இதைப் பழக மூன்று வாரம் ஆனது. எத்தனை முறை கவிழ்ந்தோம் என்ற கணக்கை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டோம்.

கயிறு எறிவது எளிதென்று நினைத்திருந்தேன். த்ரோ பேக் என்று ஒரு பை, உள்ளே 20 மீட்டர் மிதக்கும் கயிறு. 'கயிறு!' என்று கத்தி, தண்ணீரில் இருப்பவர் திரும்பிப் பார்த்த பிறகு, அவர் தலையைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். என் முதல் எறி தவறியது. கயிற்றை இழுத்து, நிதானமாகப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். "நீ பேக் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவன் கடலுக்கே போயிடுவான்" என்றார் அக்கா. கயிற்றை வளையமாகக் கையில் சுருட்டிக்கொண்டு, எடைக்காகப் பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு மறுபடி எறிய வேண்டுமாம். ராத்திரி விடுதி வராந்தாவில் ஒரு நாற்காலியைக் குறிவைத்து எறிந்துகொண்டே இருப்போம். அந்த நாற்காலி பிழைத்ததே அதிசயம்.

முதலுதவிக்கு மட்டும் 10 நாள், 80 மணி நேரம். சாதாரண முதலுதவி வகுப்பில் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று சொல்வார்கள். இங்கே ஆம்புலன்ஸ் வராது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். மூழ்கியவருக்கு முதலில் மூச்சுக் கொடு, பிறகு நெஞ்சை அமுக்கு என்ற வரிசை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஆனால் என்னை ஏறக்குறைய வெளியே அனுப்பியது ஆறு இல்லை. புறப்படும் முன் விருந்தினர்களுக்குச் செய்யும் பாதுகாப்பு விளக்கம்தான். பத்து நிமிடப் பேச்சு. இல்லத்தில் வளர்ந்தவனுக்குப் பெரியவர்கள் சொன்னால் தலையாட்டத்தான் தெரியும். இங்கே என் அப்பா வயது ஆளிடம் 'சார், ஹெல்மெட் போடாமல் படகில் ஏற முடியாது' என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் கோபப்பட்ட பிறகும் அதையே சொல்ல வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும், அது காதுவரை ஏறினால் பட்டையை இறுக்க வேண்டும். முன்பின் தெரியாதவரைத் தொட்டு இறுக்க எனக்குக் கை நடுங்கும். வழிகாட்டிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ 21102 என்று ஒரு சர்வதேசத் தரம் 2020 இல் வந்திருக்கிறது. துடுப்பும் கயிறும் மட்டும் போதாது என்பதைத்தான் அக்கா அதை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்வார். பயிற்சியாளர்கள் அடம்பிடிக்கும் விருந்தினர்களாக நடிப்பார்கள். அக்காதான் அதில் மோசம். ஒருநாள் செல்ஃபிக்காக ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறை நான் படகைக் கரைக்குத் திருப்பிவிட்டேன். அன்றுதான் என் பெயருக்கு நேராக முதல் டிக்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடையாளர்கள் வந்த ஒருநாள், எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தோம், அப்பா என்ன ஆனார் என்றெல்லாம் மைக்கில் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். கைதட்டினார்கள். ஒரு அம்மா கண் துடைத்துக்கொண்டார். பிறகு படகில் ஏறும்போது அதே அம்மா, 'அனுபவமுள்ள ஆள் யாரும் இல்லையா?' என்று மெதுவாகக் கேட்டார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். இரக்கப்பட்ட ஆள் கையில் உயிரைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அடுத்த முறை எங்கள் கதையைச் சொல்லாமல், எத்தனை முறை ஆற்றில் இறங்கியிருக்கிறோம் என்ற பதிவேட்டை மட்டும் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். பாதி கேட்டார்கள்.

14 பேரில் எட்டுப் பேர் முடித்தோம். போன ஆறு பேரில் தண்ணீருக்குப் பயந்து போனவர் ஒருவர்தான். மற்றவர்கள் வீட்டில் கூலி நின்றுபோனதால், தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லாததால் போனார்கள். பயிற்சி இலவசம்தான், ஆறு மாதம் சம்பாதிக்காமல் இருப்பது இலவசம் இல்லையே. சேர நினைப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா? காயம் பட்டால் காப்பீடு யார் பெயரில்? சான்றிதழ் வேறு ஆற்றில், வேறு நிறுவனத்தில் செல்லுமா? முதலுதவிச் சான்றிதழ் சில வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்கும் செலவு யாருடையது? சீசன் முடிந்தால் என்ன வேலை? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். முதல் வருடம் ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் படகு ஒட்டுப்போடவும், பாறையேற்றக் குழுக்களுக்குக் கயிறு சுமக்கவும் போனேன். அதனால் பாறையேற்றமும் கொஞ்சம் வந்தது.

தேர்வன்று மூன்றாம் வகுப்பு நீரோட்டத்தில் முழுப் படகோடு இறங்கி, ஒருவரைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கவிழ்ந்த படகை நிமிர்த்திக் காட்ட வேண்டும். எனக்கு முதல் தடவையே தேறியது. விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு இரண்டாவது தடவை.

போன மாதம் முதலுதவியைப் புதுப்பிக்கப் போனேன். அதே படிவம், அதே கட்டம். பக்கத்துக் கட்டில்காரனின் எண்ணை எழுதினேன். அவனும் என்னுடையதை எழுதியிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரிந்தது. பதறிக்கொண்டு ஓடினேன். கணுக்கால் சுளுக்கு. ஆற்றில் இல்லை, வண்டியில் படகு ஏற்றும்போது.