தானாக நகரும் வால்யூம்

இசைக்குறிப்பு எழுதும் நொட்டேஷன் மென்பொருளில் பிளேயைத் தட்டியதுமே, கான்டாக்ட் (Kontakt) என்ற வாத்திய ஒலி பிளக்இன்னில் வயலினின் வால்யூம் தானாக நகர்ந்து வேறோர் இடத்தில் நிற்கிறது. கையால் சரிசெய்தாலும் அடுத்த பிளேயில் பழைய கதைதான்.

பிளக்இன் மீது சந்தேகப்படாதீர்கள். நொட்டேஷன் மென்பொருள் தன் மிக்சர் அளவை மிடி சிசி 7 (வால்யூமுக்கான மிடி கன்ட்ரோலர் எண்) ஆக அனுப்புகிறது. 0 முதல் 127 வரை எந்த எண் வந்தாலும் வால்யூம் அங்கே போய்விடும்.

வரும் மிடி செய்திகளைக் காட்டும் மிடி மானிட்டரைத் திறந்து பாருங்கள். முதல் சுரத்துக்கு முன்பே சிசி 7 வந்தால் காரணம் அதுதான்.

வருவது சிசி 11 அல்லது சிசி 1 என்றால் அநேகமாக அது கிரெஷெண்டோ (ஒலி படிப்படியாகக் கூடுவது) போன்ற குறிகளின் வேலை. தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள், வாசிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சிசி 7ஐ நிறுத்த, கான்டாக்டில்: வாத்தியத்தின் ஸ்பேனர் ஐகான், இன்ஸ்ட்ருமென்ட் ஆப்ஷன்ஸ், கன்ட்ரோலர். வால்யூம், பேன் (இடது-வலது ஒலி நிலை) கன்ட்ரோலர்களை ஏற்கும் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

இரண்டு வாத்தியங்களின் வால்யூம் சேர்ந்தே இறங்கினால், இரண்டும் ஒரே மிடி சேனலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.